மாசி மகத்துல மூணு முழுக்கு

கடலை நான் மொத மொதல்ல பாத்தது என்னோட இருபதாவது வயசுல. பாத்தவங்கல்லாம், ஆஹா, அது எப்படி இருக்குது தெரியுமான்னு கையை விரிச்சிக்கினு சொல்லுவாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் தோணலை. இந்தத் தண்ணியில எறங்காம எப்படித் தப்பிக்கறதுன்னு தான் தோணுச்சு. என் வயித்துல ரெண்டரை மாசப் புள்ள. அது அங்க இருக்கறது என்னைத் தவிர ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது.

எனக்குக் கல்யாணம் ஆகி அப்ப நாலு வருசம். புகுந்த வீடு காணைக்குப் பக்கம், நாலு காணி நெலம், மல்லாட்டையும், வேர்க்கடலையை எங்க பக்கம் அப்படித் தான் சொல்லுவோம், கேப்பையும் போடுவாங்க. வீட்டுல எங்க மாமியாரு, எங்க வீட்டுக்காரரு, நான், அவ்வளவு தான். ரெண்டு தபா எனக்கு வயித்துல தங்குச்சு. ரெண்டு தபாவும் கலைஞ்சு போச்சு.

மொத தபா மூணாம் மாசம், கார்த்திகை சமயம். என் தாய்வீடு பனமலைக்குப் பக்கத்துல. மலைக்கோயிலுக்கு எண்ணெய்க் குடம் கொண்டு போவ ஆள் வேணும்னாங்க. பொண்டாட்டி முழுகாம இருக்கச்சொல்ல புருசன்காரன் மலை ஏறக் கூடாது, கடல்ல குளிக்கக் கூடாது, பொணம் தூக்கக் கூடாது. எங்க பக்கம் இதைச் சின்னக் கொழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனா எங்க மாமியாரு, "அது ஒரு மலையா? ஒரு ஓட்டம் ஓடினா உச்சி. சாமி காரியம், போய்ட்டு வாடா"ன்னு அவங்களே அனுப்பினாங்க. அவரு போய்ட்டு வந்த எட்டாம் நாள் எல்லாம் போச்சு. அன்னிக்கு அவங்க தன் வாயிலேயே பட்டு பட்டுன்னு அடிச்சிக்கினாங்க. "இந்த வாயால தானே போன்னு சொன்னேன், இந்தப் பாழாப்போன வாய்க்கு இனிமே வெத்தலை கெடையாது. பேரப்புள்ளையைப் பாத்துட்டு தான் போடுவேன்"ன்னாங்க. வெத்தலை இல்லாம ஒரு நாழி இருக்க மாட்டாங்க. சோறு இல்லாட்டியும் இருப்பாங்க, வெத்தலை இல்லாட்டி பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிடுவாங்க. அப்படிப்பட்டவங்க அன்னியிலேர்ந்து தொடலை.

ரெண்டாம் தபா நாப்பத்தஞ்சு நாள் ஆனதும் நான் எங்க அம்மாகிட்ட சொன்னேன். எங்க அம்மாவுக்கு சந்தோசம் வந்தா தம்பட்டம் வேண்டாம். விழுப்புரம் சந்தை வரைக்கும் சேதி போயிடுச்சு. வழியில பாத்தவ போனவ எல்லாம் என் வயித்தையே பாத்தாளுங்க. பத்து நாள் தாங்கலை. கண்ணு பட்டுடுச்சுன்னு சொன்னாங்க, நானும் நம்பினேன். இன்னிக்கும் பாதி நம்பறேன், மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

அதனால மூணாம் தபா யாருகிட்டயும் மூச்சு விடறதில்லேன்னு வைராக்கியம் வெச்சேன். மூணு மாசம் தாண்டட்டும், அப்புறம் பாத்துக்கலாம். ஆனா இதை மறைக்கறது லேசில்லே. எங்க வீட்டுல அந்த மூணு நாளும் பொம்பளைங்க வீட்டுக்குள்ள வரக் கூடாது. பின்னால மல்லாட்டைத் தோலு கொட்டி வெக்கிற கொட்டாயில தனியா உக்காரணும். தை மாசம் நான் அங்க போய் உக்காரலேன்னா அன்னிக்கு சாயங்காலமே அத்தைக்கு, எங்க மாமியாருக்குத் தெரிஞ்சிடும். அத்தை நல்லவங்க, அதுல கொறை சொல்ல மாட்டேன். ஆனா நல்ல சேதி அவங்க வாயில நிக்காது, ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தின மாதிரி தான்.

ஆக, நான் என்ன பண்ணேன்? ஒண்ணுமே ஆவாம இருக்கச்சொல்ல, வயித்தைப் புடிச்சிக்கினு போய்க் கொட்டாயில உக்காந்தேன். அத்தை தூரத்துல நின்னு கேப்பைக் கூழை ஊத்திட்டுப் போவாங்க. போவும்போது, "இந்த மாசமும் இல்லியா, சரி போ, சாமி இருக்குது"ன்னு பெருமூச்சு விடுவாங்க. அந்தப் பெருமூச்சு என் காதுல ஊசி மாதிரி ஏறும். நாலாம் நாள் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு உள்ள வருவேன். தையில ஒரு தபா, மாசியில ஒரு தபா, ரெண்டு மாசமும் இந்தக் கூத்து நடந்துச்சு. தெருக்கூத்துக்காரனுங்க தோத்தானுங்க போங்க.

மாசியில நான் தலைக்கு ஊத்திக்கினு ஒரு வாரம் இருக்கும். அத்தை என்னைக் கூப்ட்டு உக்கார வெச்சு சொன்னாங்க: "இதோ பாரும்மே, ராமேஸ்வரம் போனா புள்ள பொறக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. யுத்த காலத்துல அவ்ளோ தூரம் நம்மால ஆவாது. மாவலிவரம் இருக்குது இல்லே, அது ராமேஸ்வரத்துல பாதியாம், அர்த்த சேதுன்னு பேராம். மாசி மகத்தன்னிக்கு ரெண்டு பேரும் முடிச்சு போட்டுக்கினு மூணு முழுக்கு போட்டுட்டா போதும். நீயும் சுத்தமா இருக்கிறே, நல்ல நேரம். கெளம்புங்க."

புள்ள வேணும்னு வேண்டிக்கினு போய், வயித்துல இருக்கிற புள்ளையைக் கடல்ல வுட்டுட்டு வர்றதா? புருசன் கடல்ல குளிக்கக் கூடாது. மாவலிவரத்துல மலையும் இருக்குது, கடலும் இருக்குது. எதைச் செய்யக் கூடாதோ அது ரெண்டையும் ஒரே ஊருல கொண்டு வந்து வெச்சிருக்கான் பாருங்க. சொல்லிட்டா கண்ணு பட்டுடும், சொல்லாட்டி கடல் இருக்குது. சொன்னாலும், ரெண்டு மாசம் கொட்டாயில உக்காந்தது பொய்யின்னு ஆயிடும். அவங்க பெருமூச்சு விட்டதெல்லாம் நான் வேடிக்கை பாத்துக்கினு இருந்தேன்னு ஆயிடும்.

விழுப்புரம் ஸ்டேஷன்ல ரயில் ஏறச்சொல்ல கடைசியா ஒரு வழி பண்ணிப் பாத்தேன். ரயிலு முழுக்க பட்டாளத்துக்காரங்க, அந்தப் பக்கத்து வண்டியில மெட்ராஸ்லேர்ந்து மூட்டை முடிச்சோட ஓடி வர்ற ஜனங்க. "அத்தை, ஜப்பான்காரன் கடல் வழியா தான் வர்றானாம். எல்லாரும் கடலை வுட்டு ஓடி வர்றாங்க, நாம கடலைத் தேடிப் போறோமே"ன்னேன். அத்தை தலையைக் கூடத் திருப்பலை. "வரட்டும், அவனும் ஒரு முழுக்கு போட்டுட்டுப் போவட்டும். ஜல்தி ஏறு"ன்னாங்க. எங்க வீட்டுக்காரரு சிரிச்ச சிரிப்புல பெட்டியில இருந்த மல்லாட்டை மூட்டையே குலுங்குச்சு. எனக்கு அழுகை வந்துச்சு.

திண்டிவனம் தாண்டி செங்கல்பட்டுல எறங்கினோம். அங்கேர்ந்து கரி போட்டு ஓட்டுற பஸ்சு. ஏத்தம் வந்தா எல்லாரும் எறங்கித் தள்ளணும். அது குலுங்கற குலுக்கல்ல நான் ரெண்டு கையாலயும் அடிவயித்தைப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். "இன்னா, வயித்த வலியா?"ன்னு அவரு கேட்டாரு. "பசி"ன்னு சொன்னேன். உடனே ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து மடியில போட்டாரு. அந்த மனுசனுக்கு எந்தக் கஷ்டத்துக்கும் மருந்து மல்லாட்டை தான்.

திருக்கழுக்குன்றத்துல பஸ்சு நின்னுச்சு. மலை மேல கழுகுக்குச் சோறு வெப்பாங்களாமே, ஏறிப் பாக்கலாமான்னு அவரு துள்ளினாரு. நான் சடார்னு தலையைப் புடிச்சிக்கினு மயக்கம் வருதுன்னு உக்காந்துட்டேன். ஒரு மலை தப்பிச்சுது. அப்புறம் ஒரு வண்டி புடிச்சு, கால்வாயைத் தோணியில தாண்டி, மணல்ல நடந்து, வெயில் சாயச்சொல்ல மாவலிவரம் போய்ச் சேந்தோம்.

ஊரே பாறை தான். பாறையைக் குடைஞ்சு மண்டபம், பாறையைச் செதுக்கிக் கோயிலு. பனமலைத் தூணுல உக்காந்திருக்கிற சிங்கம் இங்கயும் உக்காந்திருந்துச்சு, எனக்கு அது ஒண்ணு தான் தெரிஞ்ச மூஞ்சி. ஒரு பெரிய பாறை முழுக்க ஆனையும் ரிஷிங்களும் செதுக்கியிருந்தாங்க. அதுல ஒரு பூனை கையைத் தூக்கிக்கினு ஒத்தக் கால்ல தவம் பண்ணுது, காலடியில எலிங்க. அத்தை அதைப் பாத்துட்டு, "பாரேன், இதோட வேசத்தை"ன்னு சிரிச்சாங்க. நான் வேற பக்கம் திரும்பிக்கினேன். ரெண்டு மாசமா நான் பண்ணிக்கினு இருக்கிறதும் அந்தப் பூனை வேலை தான்.

"மேல வெளக்குக் கோபுரம் இருக்குதாம், அங்கேர்ந்து பாத்தா கடலு மொத்தமும் தெரியுமாம்"னு அவரு கெளம்பிட்டாரு. மயக்கம் ஏற்கெனவே செலவாயிடுச்சு. அதனால ஒரு சறுக்குப் பாறையில காலை வெச்சு, "ஐயோ, காலு பெசகிடுச்சு"ன்னு கத்தினேன். அவரு ஓடி வந்து கணுக்காலைத் தேச்சு வுட்டாரு. அப்பாடான்னு மூச்சு வுட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அத்தை, "நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வாடா, இவ்ளோ தூரம் வந்துட்டு"ன்னாங்க. நான் வேணாம்னு வாயெடுக்கறதுக்குள்ள வெள்ளாடு மாதிரி தாவி ஏறிட்டாரு. உச்சியில நின்னுக்கினு துண்டை ஆட்டி, "ஏம்மே, கடலு தெரியுது!"ன்னு கத்தறாரு. பக்கத்துல அத்தை பெருமையாப் பாத்துக்கினு நிக்கறாங்க. கீழ உக்காந்திருந்த எனக்கு பனமலைக்குப் போய் வந்த எட்டாம் நாள் தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு அப்பவே விரலை மடக்க ஆரம்பிச்சிட்டேன்.

அன்னிக்கு சாயங்காலம் சத்திரத்துல அவரு தனியாக் கெடைச்சாரு. சொல்லிடலாம்னு கிட்டப் போனேன். "இந்தாங்க, நாளைக்குக் கடல்ல எறங்கணுமா? எனக்கு பயமா இருக்குது"ன்னேன். அவரு சிரிப்பை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. "எனக்குந்தான் நீச்சல் தெரியாது. அம்மா வெத்தலை போட்டு மூணு வருசம் ஆவுது. மூணு முழுக்கு தானே, போட்டுட்டுப் போலாம்மே"ன்னாரு. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்து, முழுங்கிட்டேன்.

விடிஞ்சதும் கடற்கரைக்குப் போனோம். மணலு முழுக்க ஜனங்க. இருளருங்க குடும்பம் குடும்பமா வந்து, சேலையைக் கட்டி மறைப்பு போட்டுத் தங்கியிருந்தாங்க. ஒரு மறைப்புல கல்யாணமே நடந்துக்கினு இருந்துச்சு. பெருமாளு பல்லக்குல வந்துக்கினு இருந்தாரு. இவ்ளோ கூட்டத்துலயும் எனக்கு அந்த அலை இரைச்சல் மட்டும் தான் கேட்டுச்சு. அது வர்றதும், வாயைத் தொறக்கறதும், இழுத்துக்கினு போறதும். அத்தை என் முந்தானையையும் அவரு மேல்துண்டையும் சேத்து மூணு முடிச்சு போட்டாங்க. "முடிச்சு அவுறக் கூடாது, கையை வுடக் கூடாது. எறங்குங்க"ன்னு என் முதுகுல கை வெச்சுத் தள்ளினாங்க.

மொத அலை முழங்காலுக்கு வந்துச்சு. "அத்தை"ன்னு திரும்பினேன். "போ, போ, ஒண்ணும் ஆவாது, நான் இருக்கேன்"ன்னாங்க. இப்பச் சொல்லிடணும்னு வாயைத் தொறந்தேன், அடுத்த அலை வாய்க்குள்ளேயே வந்துடுச்சு. உப்பு. மூச்சு திணறி அவரு தோளைப் புடிச்சேன். அவரும் பயந்து தான் இருந்தாரு, கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. மூணு தபா முழுகினோம். நான் ஒவ்வொரு முழுக்குலயும் ஒண்ணே ஒண்ணு தான் வேண்டிக்கினேன்: நான் பொய் சொன்னவ, என்னை இன்னா வேணும்னாலும் பண்ணு, இது ஒரு பாவமும் பண்ணலை.

கரையேறினதும் முடிச்சை அவுத்து, அந்தத் துண்டைக் கடலுக்கு வுடணும்னு அத்தை சொன்னாங்க. அவரு சுருட்டி வீசினாரு. நாங்க திரும்பி நாலு அடி வெக்கலை, ஒரு அலை அந்தத் துண்டைக் கொண்டாந்து என் காலுல போட்டுட்டுப் போச்சு. அத்தைக்கு ஒரே சந்தோசம். "பாத்தியா, கடலம்மா கையோட குடுத்துட்டா"ன்னு துண்டை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கினாங்க. எனக்கு அது, உன் வேண்டுதல் எனக்கு வேணாம்னு கடலு தூக்கிப் போட்ட மாதிரி இருந்துச்சு.

ஊருக்குத் திரும்பினதும் நான் பட்ட பாடு எனக்குத் தான் தெரியும். தண்ணிக் குடத்தைத் தூக்கச்சொல்ல ஒரு பயம், கெணத்தடியில வழுக்கினா ஒரு பயம். இடுப்புல சுருக்குன்னா ஓடிப் போய் மறைவா நின்னு சேலையைப் பாப்பேன். எட்டாம் நாள் வந்துச்சு. அன்னிக்கு முழுக்க நான் யாருகிட்டயும் பேசலை, பேசினா ஒடைஞ்சிடும்னு. ஒம்பதாம் நாள் வந்துச்சு. பத்தாம் நாளும் வந்துச்சு.

பங்குனியில நான் கொட்டாயிக்குப் போவலை. அத்தை ஒரு நாள் பாத்தாங்க, ரெண்டு நாள் பாத்தாங்க, அஞ்சாம் நாள் என் கன்னத்தைப் புடிச்சிக்கினு ஓன்னு அழுதுட்டாங்க. "மாவலிவரத்துக் கடலு குடுத்துட்டாடி!" அதுக்கப்புறம் மகனைக் கூப்ட்டு நிக்க வெச்சு சட்டம் போட்டாங்க: "கேளுடா. இன்னியிலேர்ந்து மொகம் வழிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, கடல் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாது. ஏறினே, கொன்னு போட்டுடுவேன்." நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கினு இருந்தேன். கஞ்சி பொங்கி அடுப்பு அணைஞ்சது கூட எனக்குத் தெரியலை.

வயிறு கணக்குக்கு மேல பெரிசாச்சு. ரெட்டைப் புள்ளன்னு அத்தை சொன்னாங்க. ஏழாம் மாசம் வளைகாப்புக்குன்னு கண்ணாடி வளையலு வாங்கி வெச்சிருந்தாங்க. அதைப் போடறதுக்குள்ள புரட்டாசியில ஒரு விடிகாலையில வலி எடுத்துடுச்சு. "ஏழு மாசம் கூட முடியலையே, ஐயோ, கடலம்மா"ன்னு அத்தை வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடறாங்க. அந்த வலியிலயும், பயப்படாதீங்க அத்தை, நாள் சரியாத்தான் இருக்குதுன்னு சொல்ல முடியலையேன்னு நான் பல்லைக் கடிச்சிக்கினு கெடந்தேன்.

வெயில் ஏறச்சொல்ல ஆம்பளைப் புள்ள பொறந்துச்சு. அது போட்ட சத்தம் மூணாம் வீட்டுக்குக் கேட்டிருக்கும். மருத்துவச்சி கழுவிக் குடுத்துட்டு, அத்தையை ஒரு மாதிரி பாத்துக்கினே போனா. அத்தை கதவைச் சாத்திட்டு, புள்ளையோட கையை விரிச்சு ஜன்னல் வெளிச்சத்துல பாத்தாங்க. நகம் விரலுக்கு மேல வளந்திருந்துச்சு. தலையில கத்தை முடி.

"தை மாசம் கொட்டாயில உக்காந்தியே?"ன்னாங்க.

"இல்லே அத்தை. சும்மா உக்காந்தேன்."

"மாசியில?"

"அதுவும் சும்மா தான்."

கத்துவாங்கன்னு கண்ணை மூடிக்கினேன். கத்தலை. கண்ணைத் தொறந்தா, அவங்க சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காங்க.

"அப்போ, நான் கடல்ல எறங்குன்னு தள்ளச்சொல்ல இவன் உள்ள இருந்தான்."

"இருந்தான் அத்தை."

"மலை ஏறுடான்னும் நான் தானே சொன்னேன்." அப்புறம் தான் என்னைப் பாத்தாங்க. "ஏண்டி, ரெண்டாம் தபாவும் என் வாயாலேயே கொல்ல வெக்கப் பாத்தியே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் உனக்கு அவ்ளோ வேத்து ஆளா?"

எனக்கு அன்னிக்கு அழ மட்டும் தான் தெரிஞ்சுது. வாசல்ல பொம்பளைங்க கூடிட்டாங்க. அத்தை எழுந்து, மூஞ்சியைத் தொடைச்சிக்கினு வெளிய போனாங்க. "ஏழு மாசக் கொழந்தை, யாரும் எட்டிப் பாக்கக் கூடாது, கண்ணு படக் கூடாது"ன்னு அவங்க சொன்னது உள்ளக் கேட்டுச்சு. கிடா மாதிரி இருந்த புள்ளையை ரெண்டு மாசம் பஞ்சுல சுத்தி வெச்சு ஊரை ஏமாத்தினாங்க. நான் ஆரம்பிச்ச பொய்யை அவங்க எனக்காக நடத்தி முடிச்சாங்க.

எங்க வீட்டுக்காரரு அன்னிக்கே விழுப்புரம் ஓடிப் போய் ஒரு கவுளி வெத்தலை, நல்ல பாக்கு, சுண்ணாம்புன்னு வாங்கியாந்து அவங்க முன்னால வெச்சாரு. "யம்மா, பேரனைப் பாத்துட்டே இல்லே, போடும்மா"ன்னாரு. அத்தை தட்டைத் தள்ளிட்டு, பல்லு கூசுதுன்னாங்க. மறுநாளும் பல்லு கூசுச்சு. மறு வருசமும் கூசுச்சு. வேண்டுதல் தான் நெறைவேறிடுச்சே, ஏன் போட மாட்டேங்கறாங்கன்னு ஊருல கேக்காதவங்க இல்லே. எனக்குத் தான் தெரியும்.

பையன் நடக்க ஆரம்பிச்ச ஒரு நாள், யாரும் இல்லாத நேரமாப் பாத்து, நானே வெத்தலையைத் தொடைச்சு, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடிச்சு நீட்டினேன். "தப்பு என்னோடது அத்தை. வாயைத் தொறக்காதவ நான். உங்க வாய் என்ன பண்ணும்? போடுங்க"ன்னேன். அவங்க வாங்கினாங்க. மூக்கு கிட்ட வெச்சு மோந்து பாத்தாங்க. அப்புறம் என் தாடையைப் புடிச்சு, அந்த வெத்தலையை என் வாயில வெச்சுத் திணிச்சாங்க.

"நீ போடு"ன்னாங்க. "போட்டுட்டாவது பேசு."